கடவாய்ப் பல்லும் பூண்டுப் பல்லும்

மெல்வினுக்குப் பல்வலி பிடித்தது ஒரு கல்யாணச் சாப்பாட்டில்தான். குருவிட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். ஆட்டெலும்பு ஒன்றை ஆசையாகக் கடித்தான். இடதுபக்கக் கீழ்க் கடவாயில் சுருக்கென்று ஏதோ ஏறி, காது வழியாக உச்சிமண்டை வரைக்கும் போனது. எலும்பைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவன், அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை.

தெஹியோவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். டவுனிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறுகிற பாதைகளில்தான் பிழைப்பு. தார் போட்டு எத்தனையோ காலமான பாதைகள். ஆட்டோ குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் பல்லும் சேர்ந்து குதித்தது. வலியை மறக்க வாய் நிறைய வெற்றிலை போட்டான். வெற்றிலை மென்றால் வலி கூடியது. மெல்லாவிட்டால் தூக்கம் கண்ணைக் கட்டியது. எப்படியும் நிம்மதியில்லை.

பனடோல் மாத்திரையை நம்பிச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனான். காலையிலேயே போய் நம்பர் எடுத்து, வாங்குப் பலகையில் குந்தியிருந்தான். வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். பல் டொக்டர் சின்ன வயதுப் பெண். பல்லைத் தட்டிப் பார்த்தார், கழற்றத்தான் வேண்டும் என்றார். மெல்வினுக்குப் பாதி வலி அப்போதே குறைந்துவிட்டது. ஆனால் ஊசியை எடுப்பார் என்று பார்த்தால், கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பிரஷர் ரொம்பக் கூட. இதோட கழட்ட ஏலாது. மொதல்ல ஓபீடில காட்டி மருந்து எடுங்க. எறங்கின பிறகு வாங்க" என்றார் சிங்களத்தில்.

மெல்வினுக்குச் சிங்களம் தமிழைப் போலவே சரளம். "மிஸ், வலியாலதானே பிரஷர் ஏறியிருக்கு. பல்லக் கழட்டினா அது தானா எறங்கிரும்."

"இருக்கலாம். ஆனா எறங்கினாத்தான் நான் பல்லுல கை வைப்பேன்."

வலி போனால் பிரஷர் இறங்கும், பிரஷர் இறங்கினால் வலி போகும். செக்குமாடு மாதிரிச் சுற்றவேண்டியதுதான் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தான். வெளிநோயாளர் பகுதியான ஓபீடியில் கொடுத்த பிரஷர் குளிசைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் ரோசம்மா சிரித்தாள். தோட்டத்தில் இன்னும் ரப்பர் பால் வெட்டப் போகிற கட்டுமஸ்தான பெண்பிள்ளை அவள். ஆஸ்பத்திரிக் குளிசை என்றாலே அவளுக்கு இளக்காரம்.

"பிரஷருக்கு எதுக்கு தம்பி குளிசை? பூண்டு இருக்கே. பால்ல போட்டு வேகவச்சு குடிங்க. ஒரே வாரத்துல பறந்துரும்."

மனைவி சர்மிளா கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள். அவள் அம்மாவை மறுக்கவில்லை. "குளிசையும் போடுங்க, பூண்டுப் பாலும் குடிங்க. ரெண்டுல ஒண்ணாவது கேக்கும்" என்றாள். அன்றைக்கே பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்து, மஞ்சள் தூளும் மிளகும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

பல்வலிக்காரன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆட்டோவில் ஏறுகிறவர்கள் வீங்கிய கன்னத்தைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள். இவனும் பல்லையும் பிரஷரையும் சொல்லித் தொலைப்பான். உடனே பின்சீட்டிலிருந்து வைத்தியம் தொடங்கிவிடும். பூண்டைப் பச்சையாக வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும் என்றது ஒரு ஆள். பச்சையாகத் தின்றால் குடல் புண்ணாகும், சுட்டுத்தான் தின்ன வேண்டும் என்றது அடுத்த சவாரி. ஒரு சிங்கள நோனா இறங்குகிற இடம் தாண்டியதுகூடத் தெரியாமல், தேனில் ஊறப்போட்ட சுதுலூனுவின், அதாவது பூண்டின், மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பிக் கொண்டுபோய் விட்டதற்குப் பெட்ரோல் இவனுடையது. எல்லாரும் பூண்டு என்றார்கள். எப்படி என்பதில்தான் ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஆகவில்லை.

இவர்களில் ஜுனைதீன் நானா சொன்னதைத்தான் மெல்வின் கேட்டான். மாவனல்லைக்காரர், தெஹியோவிட்டவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வியாபாரத்துக்காகப் பொய் சொல்லுகிற மனிதரில்லை.

"பிரஷர் அது ஒரு பக்கம் ஈக்கட்டும் மெல்வின். வலிக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

"பனடோல்தான் நானா. கேக்குதே இல்ல."

"வெள்ளப்பூடு ஒரு பல்லு எடுத்து, கல்லுப்பு வச்சி நல்லா நசுக்குங்க. பஞ்சுல சுத்தி, வலிக்கிற எடத்துல வச்சி அமத்திட்டுப் படுங்க. எரியும். எரிஞ்சா எடுத்துப் போட வாணாம். பல்லுக்குப் பல்லுதான் மருந்து" என்று தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, இரண்டு பூண்டை எடுத்துச் சும்மாவே கொடுத்தார்.

எரிந்தது. சும்மா எரியவில்லை, கொள்ளிக்கட்டையை வாய்க்குள் வைத்த மாதிரி எரிந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. ஆனால் அந்த எரிச்சலில் பல்வலி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல்தடவையாக மெல்வின் அசந்து தூங்கினான். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் உள்கன்னம் வெள்ளை வெளேரென்று, வேகவைத்த கோழித்தோல் மாதிரி இருந்தது. மரத்துப்போயும் இருந்தது. மருந்து பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளும் வைத்தான், அதற்கடுத்த நாளும் வைத்தான்.

இரண்டாம் முறை கிளினிக்குக்குப் போனபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டொக்டரே சந்தோஷப்பட்டார். குளிசையாலா பூண்டுப் பாலாலா என்று மெல்வினுக்குத் தெரியாது, கவலையுமில்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான்.

டொக்டர் விளக்கைத் திருப்பினார். கன்னத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார்.

"வெத்தில போடுறீங்களா?"

"ம்."

"பொகையில?"

"அதுவும்தான்."

"எவ்வளவு காலமா?"

ஆட்டோ ஓட்டத் தொடங்கின காலத்திலிருந்து என்றான். டொக்டரின் முகம் மாறியது. "இந்த எடத்துல ஏதாவது பெஹெத் வச்சீங்களா?" என்று கேட்டார்.

பெஹெத் என்றால் மருந்து. மெல்வின் ஒரு கணம் யோசித்தான். சற்று முன்புதான், பல்லில் கராம்பு எண்ணெய் விட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை அங்கிருந்த நேர்ஸ் எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். அந்த ஏச்சு வாங்க இவனால் முடியாது. தவிர, பூண்டு எப்படி மருந்தாகும்? மருந்து என்றால் பார்மசியில் வாங்குவது. இது குழம்புக்குப் போடுகிற சாமான்.

"இல்ல மிஸ்" என்றான்.

"அப்ப இன்னைக்குக் கழட்ட வேணாம். இந்த வெள்ளை என்னன்னு பெரிய ஆஸ்பத்திரில பாக்கணும். ரெண்டு வாரத்துல வாய் கிளினிக் இருக்கு, அனுப்புறேன்."

"பல்லு?"

"பல்லு அப்புறம். மொதல்ல இது."

கேன்சர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. வெளியே சுவரில், வெற்றிலை போடுகிறவனின் வாய் கடைசியில் எப்படி ஆகும் என்று பெரிய பெரிய படங்களாக ஒட்டி வைத்திருந்தார்கள். மெல்வின் அதுவரை அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. அன்றைக்கு நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆட்டோவில் போய் உட்கார்ந்தான். மடியிலிருந்த வெற்றிலைச் சுருளை எடுத்துப் பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தான்.

சர்மிளாவிடம் மட்டும் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையைக் கேட்டு ரோசம்மா அடுத்த காம்பராவிலிருந்து ஓடிவந்தாள். பிறகு மறைக்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், "கொடிய நோயினால் வாடும் சகோதரன் மெல்வினுக்காக" என்று, ரோசம்மா எழுதிக் கொடுத்த மன்றாட்டை வாசித்தார்கள். இவன் மூன்றாவது வாங்கில் இருந்தான். கோயிலே திரும்பிப் பார்த்தது. எழுந்து ஓடவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், முழங்காலில் நின்றபடி மாமியாரை மனதுக்குள் ஆயிரம் ஏசினான்.

அன்று பின்னேரம் லயத்து வீட்டு ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை.

"ஃபோன்ல ஒரு வீடியோ வந்துச்சுங்க. பூண்டு தின்னா கேன்சர் கிருமி கிட்ட வராதாம்."

"எங்க சித்தப்பாவுக்குக்கூட..."

மெல்வினுக்குத் தாங்கவில்லை. "நிறுத்துங்க!" என்று கத்தினான். "பிரஷருக்குப் பூண்டு, பல்லுக்குப் பூண்டு, கேன்சருக்கும் பூண்டா? இன்னும் என்னாத்துக்கெல்லாம் பூண்டு? வீடு நாறுது, ஆட்டோ நாறுது, பக்கத்துல ஒருத்தனும் வந்து நிக்கிறானில்ல! எனக்கு இன்னும் பல்லு வலிக்குது, அத எவனாவது கேட்டீங்களா?" அடுக்களைக்குள் போய்ப் பூண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னாலிருந்த கானில் வீசினான். விசாரிக்க வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சர்மிளாவிடம் வந்து நின்றான்.

"பூண்டு ஏதும் இருக்கா?" முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

அவள் அலுமாரிக்கு மேலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். கானிலிருந்து பொறுக்கிக் கழுவிக் காயவைத்திருந்தாள். மெல்வின் பச்சைப் பற்களை உரித்து ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு விழுங்கினான். பயம் அப்படி. வெள்ளை விழுந்த இடத்தில் வைக்கத்தான் மனம் வரவில்லை. அந்த இடத்தைத் தொடவே பயமாக இருந்தது.

வெற்றிலையும் இல்லை. வாய் எதையாவது மெல்லத் தேடியது. சவாரி வந்தவர்களிடம் எரிந்து விழுந்தான். ஆட்டோ தரிப்பிடத்தில் கூட ஓட்டுகிற சுரேந்திரன் வெற்றிலை மடிப்பதைப் பார்த்தால் அவனோடும் சண்டைக்குப் போனான். பல் தன்பாட்டில் வலித்துக்கொண்டிருந்தது.

குறித்த நாளில் சர்மிளா லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். அவிசாவளைக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். பெரிய ஆஸ்பத்திரியில் சனமான சனம். கட்டுப் போட்ட முகங்களும் குழாய் செருகிய மூக்குகளுமாக இருந்த வரிசையில் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டொக்டர் கண்ணாடி போட்ட, வயதான மனிதர். மெல்வினின் வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எங்க அந்த வெள்ளை?"

"இடதுபக்கம், சார்."

"ஒண்ணும் இல்லையே."

மெல்வின் எழுந்து உட்கார்ந்தான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "இல்லன்னா என்னா சார் அர்த்தம்? ரெண்டு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். கோயில்ல எனக்குப் பூசை வச்சிட்டாங்க. இப்ப ஒண்ணும் இல்லங்கிறீங்க!"

டொக்டர் கோபப்படவில்லை. "அங்க என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கல."

"சுதுலூனு வச்சாரு சார்" என்றாள் பின்னால் நின்ற சர்மிளா. "பச்சையா நசுக்கி, உப்புப் போட்டு. விடிய விடிய வச்சிருந்தாரு."

மெல்வின் திரும்பி அவளை முறைத்தான். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"வெந்து போயிருக்கு. பச்சப் பூண்டு அப்படியே வச்சா தோலைப் பொசுக்கிடும். காலுல வச்சுக் கட்டிக்கிட்டுப் புண்ணாகி வர்றவங்களும் இருக்காங்க. வச்சத நிப்பாட்டினதும் ஆறியிருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா இங்க வந்தே இருக்கத் தேவையில்ல."

"மருந்து வச்சியான்னுதானே சார் கேட்டாங்க."

"சரி, இப்ப வாயத் தொறந்து உங்க விரல் மூணையும் நிமித்தி உள்ள விடுங்க பாப்போம்."

மெல்வின் விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் போனது. மூன்றாவது விரல் பல்லில் இடித்தது. வாய் அதற்கு மேல் திறக்கவில்லை. பல்வலியால்தான் என்றான். டொக்டர் இல்லையென்றார். கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகத் தொடங்கியிருக்கிறது, அது பூண்டு செய்த வேலையல்ல, பாக்குச் செய்த வேலை. வெற்றிலை பாக்கை இனித் தொடவே கூடாது, வாயைத் திறந்து மூடும் பயிற்சி தினமும் செய்ய வேண்டும், சில மாதத்துக்கொரு தரம் வந்து காட்ட வேண்டும். இப்போது கவனித்தால் பயமில்லை, கவனிக்காவிட்டால் அந்தப் படங்களில் இருக்கிற கதைதான்.

மெல்வின் தலையை ஆட்டினான். பயப்படுவதா, கும்பிடு போடுவதா என்று அவனுக்கே விளங்கவில்லை. "சரி சார், அதெல்லாம் செய்றேன். இந்தப் பல்லையாவது இன்னைக்குக் கழட்டி விடுங்க. புண்ணியமாப் போகும்."

டொக்டர் பிரஷர் பார்த்தார். நன்றாகவே இருந்தது. "கழட்டலாம்" என்றார். ஊசி மருந்துப் பக்கம் கையை நீட்டியவர் சட்டென்று நிறுத்தினார். "பூண்டு இப்பவும் சாப்பிடுறீங்களா?"

சர்மிளா வாயைத் திறப்பதற்குள் மெல்வின் முந்திக்கொண்டான். இந்த முறையாவது உள்ளதைச் சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தான். "காலையில பச்சையா விழுங்குவேன் சார். கையில அள்ளுற அளவுக்கு. ராவைக்குப் பால்ல."

"அப்ப இன்னைக்கு வேணாம். கறிக்குப் போடுற அளவுன்னா பரவாயில்ல. நீங்க தின்னுற அளவுக்கு ரத்தம் எளிதுல உறையாது. பல்லக் கழட்டினா கசிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு வாரம் பூண்ட நிப்பாட்டிட்டு உங்க பக்கத்துக் கிளினிக்குலயே கழட்டிக்குங்க. பிரஷர் குளிசைய மட்டும் விட்டுறாதீங்க."

மெல்வின் நாற்காலியை விட்டு எழுந்தான். இல்லையென்று சொன்னதற்கும் தண்டனை, உண்டென்று சொன்னதற்கும் தண்டனை. விறுவிறுவென்று வெளியே வந்தான். பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை பொறுத்திருந்துவிட்டு வெடித்தான்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?"

"நீங்க தொறக்காததுனாலதான் நான் தொறந்தேன்."

"தினமும் பூண்டுப் பாலக் காய்ச்சிக் காய்ச்சி ஊத்தினது யாரு?"

"கானுல போட்டத கேட்டு வாங்கித் தின்னது யாரு?"

சர்மிளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாளென்று பதறி எட்டிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "புற்றுநோய் இல்லங்க" என்றாள், சிரிப்போடு கண்ணைத் துடைத்தபடி. "அதக் கேட்டீங்களா இல்லையா? புற்றுநோய் இல்ல." கேட்டிருந்தான். ஆனால் அப்போதுதான் அது காதிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு அவிசாவளை வரைக்கும் வந்தான்.

அந்த வாரம் வீட்டில் பூண்டு நுழையவில்லை. ரோசம்மா ரசத்தில் ஒன்றைத் தட்டிப் போட்டதற்காக அந்தச் சட்டியை அப்படியே வெளியே கொண்டுபோய் ஊற்றச் சொன்னான். "கறிக்குப் போடலாம்னுதான் டொக்டரு சொன்னாராமே" என்று முனகிக்கொண்டே ஊற்றினாள் அவள்.

மறுபடி கிளினிக், மறுபடி நம்பர், மறுபடி வாங்கு. பிரஷர் பட்டியைச் சுற்றியபோது மெல்வின் கண்ணை மூடிக்கொண்டான். "சரி" என்றார் அந்தச் சின்ன வயது டொக்டர். வெள்ளை எதனால் வந்தது என்று அவனே சொன்னான்.

"அன்னைக்குக் கேட்டேனே?" என்றார் அவர், எரிச்சலை மறைக்காமல். "எவ்வளவு பயந்துபோயிட்டேன் தெரியுமா?"

"நானும்தான் மிஸ்."

அவர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கன்னம் கல்லானது. குறட்டின் பிடி தெரிந்தது, ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, அவ்வளவுதான். எத்தனை வாரமாக ஆட்டி வைத்த பல் தட்டில் விழுந்து கிடந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று பார்த்தான். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி வெளியே உட்காரவைத்தார்கள். இரத்தம் நேரத்துக்கு நின்றது.

அடுத்த நாள் காலையில் ஆட்டோ தரிப்பிடத்துக்குப் போனான். வலியில்லாமல் விடிந்த நாள். சிரித்த முகமாக இருந்திருக்கலாம், வாய் வெற்றிலையைத் தேடியதில் அதுதான் முடியவில்லை. சுரேந்திரன் பழக்கதோஷத்தில் வெற்றிலைத் துண்டொன்றை நீட்டினான்.

"ஒரு வாய் போடு மச்சான். பல்லுதான் போயிருச்சே."

மெல்வின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சுண்ணாம்பின் வாசம் மூக்குக்கு எட்டியது, வாயில் எச்சில் ஊறியது. "எடுத்துக்கிட்டுப் போடா அந்தப் பக்கம்!" என்று ஏசினான். ஏசியது சுரேந்திரனையா, தன்னையேயா என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கிழவர் இரண்டு பெரிய பைகளோடு வந்து தோட்டத்து மேல் டிவிஷனுக்குப் போக வேண்டும் என்றார். மெல்வின் பைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஆட்டோவைத் திருப்பினான்.